டெல்டாவில் பழைய ஸ்கோடா லாரா விஆர்எஸ், ஆக்டேவியா ஆர்எஸ்: எதற்கு ஓட்டிப் போகலாம், எதற்கு அங்கேயே நிறுத்தணும்

இந்த வண்டிகளைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "விளக்கு எரியுது, சத்தம் வருது, ஓட்டிட்டு வரலாமா, ஏத்திட்டு வரணுமா?" சென்னையில் இருப்பவருக்கு இது பெரிய கேள்வி இல்லை, இந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அங்கே கூப்பிடு தூரத்தில் கிடைப்பார். திருத்துறைப்பூண்டியில் நிற்பவர் மன்னார்குடி, தஞ்சாவூர் தாண்டித் திருச்சி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். அந்தத் தூரம் ஓடும்போதுதான் ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை லட்சத்துக்குப் போகிறது. அதனால் வண்டி காட்டும் அறிகுறிகளை வைத்தே எழுதுகிறேன், பயமான அறிகுறிகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்து.

எந்த வண்டிகள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-இல் வந்த லாரா விஆர்எஸ், 1.8 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் இன்ஜின்), 160 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 2017-இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2.0 லிட்டர், ஆறு கியர் டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் கியர்பாக்ஸ்). 2020-இல் இந்தியாவுக்கு 200 வண்டி மட்டும் ஒதுக்கப்பட்ட ஆர்எஸ் 245, ஏழு கியர் டிஎஸ்ஜி. மூன்றிலும் இருப்பது ஈஏ888 குடும்பத்து இன்ஜின்தான், லாராவில் பழைய தலைமுறை, ஆக்டேவியாவில் அடுத்தது. சாதாரண 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியா, சூப்பர்ப் வைத்திருப்பவர்களுக்கும் இன்ஜின் பற்றிச் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். கியர்பாக்ஸ் மட்டும் வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகட சத்தம்

வாங்கப் போனாலும் சரி, வைத்திருந்தாலும் சரி, முதலில் கவனிக்க வேண்டியது இது. லாராவில் இந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தால் இன்ஜினே போய்விடும். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிரஷர் இறங்கிவிடும், ஸ்டார்ட் செய்து பிரஷர் ஏறும் வரை செயினைத் தளரவிடாமல் வைத்திருப்பது டென்ஷனரில் உள்ள பல் பூட்டு ஒன்றுதான். 2012 வாக்கில் வடிவம் மாற்றுவதற்கு முன் வந்த டென்ஷனர்களில் அந்தப் பூட்டு தேய்ந்து நழுவும். நழுவினால் செயின் பல் தாண்டும், தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் ஹெட்டை இறக்காமல் வழியில்லை.

எல்லாச் சத்தமும் செயின் இல்லை. இது பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின், அதனால் ஐடிலில் இன்ஜெக்டரின் டிக்டிக் ஓசை எப்போதும் கேட்கும், சின்ன டீசல் வண்டி மாதிரி. அது தொடர்ந்து ஒரே சீராக இருக்கும். செயின் சத்தம் அப்படி இல்லை: ஸ்டார்ட் ஆன அந்த நொடியில் தகரத்தில் சங்கிலியை இழுத்த மாதிரி உதறிவிட்டு நின்றுவிடும், டிரைவர் பக்கத்து மூலையிலிருந்து வரும். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் அங்கே காதைக் கொடுக்க, இன்னொருவர் ஸ்டார்ட் செய்தால் தெளிவாகப் பிரித்துவிடலாம்.

இதைக் கேட்க வேண்டுமென்றால் இன்ஜின் ஆறியிருக்கணும். விற்பவர் நல்ல எண்ணத்திலேயே சொல்வார், "தம்பி வர்றீங்கன்னதும் ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு வச்சிட்டேன்" என்று. "பரவாயில்லண்ணே, நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் தொடாம வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். மறுநாள் போனதும் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள், சூடு இருந்தால் அன்றைக்கும் சோதனை இல்லை.

சந்தேகம் வந்தால் உறுதி செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி: வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்‌ஷாஃப்டோடு எத்தனை டிகிரி விலகி நிற்கிறது என்று இந்த இன்ஜின் தானே கணக்கு வைத்திருக்கும், செயின் நீண்டிருந்தால் அந்த எண் பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருக்கும், அதிகம் நகர்ந்தால் பி0016 என்ற கோட் (பழுதுக் குறியீடு) வரும். இன்னொன்று டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில் உள்ள சின்னத் துளை: மூடியைக் கழற்றி கேமரா விட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது பழைய டென்ஷனரா புதியதா, எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று தெரியும். இதைச் செய்து காட்டத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் செயின் வேலையைக் கொடுங்கள்.

ஓட்டலாமா? கோட் எதுவும் இல்லாமல், ஆறிய ஸ்டார்ட்டில் மட்டும் ஓரிரு நொடி என்றால், காலையில் ஒரே ஸ்டார்ட்டில் நேராகப் பட்டறைக்குப் போய்விடலாம், வழியில் டீக்கடைக்கெல்லாம் நிறுத்த வேண்டாம், ஏனென்றால் ஆபத்து ஓட்டத்தை விட ஸ்டார்ட்டில்தான் அதிகம். சூடான பிறகும் சத்தம் வந்தாலோ, பி0016 இருந்தாலோ, இன்ஜின் உதறினாலோ இன்னொரு முறை சாவியைத் திருப்பாதீர்கள், ஏற்றித்தான் அனுப்பணும். ஆற்றங்கரைச் சரிவில், படித்துறைப் பக்கம் லாராவை நிறுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் மட்டும் விட்டுவிட்டுப் போனால் வண்டியின் எடை இன்ஜினைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும், தேய்ந்த டென்ஷனர் நழுவ அதுவே போதும்.

ஸ்கேனரில் ஒரு கோட் கூட இல்லை

இதையும் ஒரு அறிகுறியாகத்தான் பார்க்கணும். பத்து வருஷம் ஓடிய வண்டியில் ஒன்றுமே இல்லை என்றால் முந்தின நாள் அழித்திருக்கலாம். ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் இவற்றையெல்லாம் வண்டி தானே சோதித்து முடித்ததா என்று அது காட்டும். கோட் அழித்தாலோ பேட்டரி கழற்றினாலோ அந்தச் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று ஆகிவிடும், பல வகை ஓட்டம் ஓடினால்தான் திரும்ப முடியும். பாதிக்கு மேல் முடியாமல் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஒரு வாரம் ஓடட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

காலடியில் ஈரம், உள்ளே ஊசல் வாடை

இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று லேசானது, இன்னொன்று வண்டியையே வேண்டாம் என்று சொல்ல வைப்பது.

லேசானது இலை. வைப்பர் அடியில் உள்ள பள்ளத்திலும், சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலும், மழைத் தண்ணீர் இறங்க வடிகால் துளைகள் உண்டு. நம்ம ஊர்ப் புளியமரத்து நிழலில் நிறுத்தினால் அந்தப் பொடி இலையே போதும் அடைக்க, பங்குனி சித்திரையில் வேப்பம்பூவும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள தடித்த பஞ்சில் தேங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்திப் பார்த்தால் தண்ணீர் வரும். துளைகளைச் சுத்தம் செய்து, கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவைத்தால் சரியாகிவிடும். தள்ளிப் போட்டால் அடியில் ஓடும் வயரிங் பச்சை பூத்து, கதவு தானாகப் பூட்டுவது, ஜன்னல் இறங்க மறுப்பது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

மற்றது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியவற்றைக் கழுவித் துடைத்து வெளியூரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி வரை இழுங்கள்: தினமும் வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வந்திருக்கிறது. முன்சீட்டைப் பின்னால் தள்ளித் தண்டவாளத்தின் முனையில் விரலை விடுங்கள், காய்ந்த வண்டல் மாவு மாதிரி ஒட்டும். சீட் போல்ட்டின் தலையில் துரு, ஸ்டெப்னி குழியில் சேறு, ஃப்யூஸ் பெட்டிக்குள் மண், எது கண்டாலும் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் 2018 நவம்பர் கஜாவில் மேலே மரம் விழுந்து கூரையில் டிங்கரிங் நடந்ததா என்று பார்ப்பது நல்லது, காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கூரை முழுக்க நகர்த்தினால் பட்டி பூசிய இடத்தில் பிடிப்பு விடும்.

பேப்பர் விஷயத்தில் ஒன்றுதான் சொல்லணும். காரைக்கால் நம்ம டெல்டாவுக்குள்ளேயே இருப்பதால் பிஒய் 02 வண்டிகள் நிறைய விலைக்கு வரும். 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்றணும், இங்கத்து வரியும் கட்டணும், அதையும் சேர்த்து விலையைக் கணக்குப் போடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இல்லாமலும், வேறு மாநில வண்டிக்கு 28-ஆம் படிவ என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமலும், கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம் இல்லாமலும் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆயில் குறைகிறது, விளக்கு எரிகிறது

விளக்கின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் அளவு குறைந்திருக்கிறது: ஓரமாக நிறுத்தி, சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்து, தேவையான அளவு ஊற்றிவிட்டுப் போகலாம். சிவப்பு என்றால் பிரஷரே இல்லை. அந்த நொடியே இன்ஜினை அணைக்கணும், அடுத்த ஊர் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கிறது என்று உருட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் கசடு திரண்டு, பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்துவிடுவது இந்த இன்ஜினில் தெரிந்த விஷயம், ஆயில் அளவு சரியாக இருந்தும் சிவப்பு எரிவது அதனால்தான்.

லாராவின் 1.8 இன்ஜின் ஆயில் குடிக்கும், அது ஊரறிந்தது. பிஸ்டனில் ஆயிலை வழித்துவிடும் வளையம் மெலிசாக வைக்கப்பட்டதால் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று கம்பெனிப் புத்தகமே சொல்கிறது, ஆனால் அந்த அளவு குடிக்கும் வண்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இதற்கு ஒரே தீர்வு பிஸ்டனும் வளையமும் மாற்றுவது.

ஆனால் அங்கே போவதற்கு முன், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள், ஏனென்றால் அதுவும் ஆயிலைக் குடிக்க வைக்கும், மாற்றுவதோ கொஞ்ச நேர வேலை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கப் பாருங்கள். உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுக்கவே வராமல், எடுத்ததும் இன்ஜின் சத்தம் மாறினால், அல்லது மூடி இருக்கும்போதே விசில் மாதிரி ஒரு கீச்சு வந்துகொண்டிருந்தால், உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. முதலில் இதை மாற்றி, ஆயிலை ஒரு கோடு வரை ஊற்றிக் குறித்து வைத்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே வளையம் பற்றிப் பேசணும். நேராக இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

ஆயில் தரம் விடபிள்யூ 502 00 என்று டப்பாவில் போட்டிருக்கணும், 5டபிள்யூ-40 நம்ம வெயிலுக்குச் சரியாக இருக்கும். மாற்றும் கெடுவைப் புத்தகம் எவ்வளவு சொன்னாலும் 7,500 கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள்.

டெம்பரேச்சர் ஏறுகிறது, அல்லது கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

ஈஏ888-இல் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டும் இருக்கும் பிளாஸ்டிக் கூடு விரிசல் விடும். தரையில் சொட்டாது, சூடான இன்ஜின் மேலேயே காய்ந்துவிடும், அதனால் பல மாதம் தெரியாமல் போகும். டார்ச் அடித்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பாருங்கள், இளஞ்சிவப்பில் உப்புப் பூத்த மாதிரி ஒரு தடம் தெரிந்தால் அதுதான். கூடு முழுசாக மாற்றணும், பசை வைத்து ஒட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குறைவது மெதுவாக இருந்தால், ஊசி நடுவிலேயே நின்றால், ஊற்றிக்கொண்டு ஓட்டிப் போகலாம். ஊசி நடுவைத் தாண்டிய உடனே நிறுத்துங்கள். ஆறும் வரை மூடியைத் திறக்க வேண்டாம், அரைமணி நேரமாவது ஆகும். அவசரத்துக்குக் கேன் தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ ஊற்றுங்கள், ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம், கடலோரப் பகுதியில் போர் தண்ணீரில் உப்பு இருக்கும், அலுமினிய இன்ஜினை உள்ளே அரித்துவிடும். பச்சைக் கூலன்ட் ஊற்றி இளஞ்சிவப்போடு கலப்பதும் கூடாது, ஜி12 வகை என்று கேட்டு வாங்குங்கள்.

நம்ம பக்கத்தில் மட்டும் அதிகம் பார்க்கும் இன்னொரு காரணம் உண்டு. அறுவடை மெஷினுக்குப் பின்னால் போன வண்டியில் ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றுக்கும் நடுவே பதரும் வைக்கோல் துணுக்கும் ஜமுக்காளம் மாதிரி படிந்துவிடும், முன்னால் கிரில் வழியாகப் பார்த்தால் தெரியாது. வெயிலில் நிற்கும்போது ஏசி சூடாகி, ஓடினால் குளிர்ந்து, டெம்பரேச்சரும் லேசாக ஏறினால், முதலில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள், சுற்றினால் பம்பரை இறக்கி மெதுவான தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும்.

ஐடிலில் உதறல், மிஸ்ஸிங், செக் இன்ஜின் விளக்கு

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டுக்குள் போகிறது என்று அர்த்தம், அதை எரித்துவிடும், நிறுத்துங்கள்.

கோட் பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர். அந்த சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள், கோட் கூடவே நகர்ந்தால் காயில் போயிருக்கிறது. நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அப்புறம்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். காலையில் ஆறிய இன்ஜினில் மட்டும் உதறி, சூடானதும் சரியாகிவிடுகிறது என்றால் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கலாம். பெட்ரோல் வால்வைக் கழுவாமல் நேராக உள்ளே போவதால் லாராவின் இன்ஜினில் அது வரும், பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் அங்கே போய்ச் சேராது, மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்யணும்.

தை, மாசியில் திடீரென்று மிஸ்ஸிங் வந்தால் இதற்கெல்லாம் முன்னால் எலியைப் பாருங்கள். சம்பா அறுத்து வயல் காய்ந்ததும் எலி வீட்டுப் பக்கம் வரும், ராத்திரியில் சூடான இன்ஜின் அதற்குச் சுகமான இடம். ஒரத்தநாடு பக்கம் ஒரு நண்பரின் லாராவில் இன்ஜின் மேல்மூடியைத் தூக்கியபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வைக்கோல் கூடு, நடுவில் நாலைந்து நெல்மணி, அதற்குக் கீழே இன்ஜெக்டர் வயரின் உறை ஒரு விரல் நீளத்துக்குச் சுரண்டப்பட்டுச் செம்பு பளபளவென்று தெரிந்தது. அதற்கு முன் இரண்டு காயில் மாற்றியிருந்தார்கள். அறுவடை மாதங்களில் வாரம் ஒருமுறை மேல்மூடியைத் தூக்கிப் பாருங்கள், கையாலேயே வந்துவிடும். கடித்த வயரை டேப் சுற்றி விடாமல் சாலிடர் செய்து, சூட்டில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள்.

பிக்கப் போய்விட்டது

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'புஸ்ஸ்' என்று காற்று சத்தம் கேட்டு வேகம் ஏறாவிட்டால் டர்போ ஹோஸ் கழன்றிருக்கிறது அல்லது டைவர்ட்டர் வால்வு ரப்பர் கிழிந்திருக்கிறது. பி0299 என்று கோட் வரும். அதற்காக டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஹோஸ் கிளிப்பிலிருந்து ஆரம்பித்துத் தேடினால் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். மெதுவாக ஓட்டிப் போகலாம். பின்னால் நீலப்புகையும் சேர்ந்து வந்தால் மட்டும் ஓட்டாதீர்கள், டர்போ வழியாக ஆயில் போகிறது.

லாராவில் சத்தமே இல்லாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். வாங்கும்போதே சோதித்துவிடலாம்: காலியான சாலையில் நாலாவது கியரில் 60-இல் போய் முழுசாக மிதியுங்கள், முள் துள்ளி மேலே போய் வண்டி பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினை மேப் செய்து, அதாவது அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, சக்தி ஏற்றியிருந்தால் இது சீக்கிரம் வரும், அதனால் மேப் போட்டதா என்று நேராகக் கேளுங்கள். மேப் போட்டதே குற்றமில்லை, ஆனால் அதை மறைக்கிறவர் வேறு எதையும் மறைப்பார் என்று எடுத்துக்கொள்வேன்.

டிஎஸ்ஜியில் உதறல், இடி, கியர் எழுத்து மின்னுகிறது

ஆர்எஸ் 230, 245 இரண்டிலும் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் வகை, உறுதியானது, ஆனால் ஆயிலும் ஃபில்டரும் கெடுவில் மாற்றியே ஆகணும், 230-க்கு அது 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, 245-க்குக் கம்பெனிப் புத்தகத்தைப் பாருங்கள். மாற்றிய பில் இல்லாத வண்டிக்கு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கியர் மாறும்போது லேசான இடி வந்தால் ஆயில் மாற்றி, ஸ்கேனரில் கிளட்சைப் புதிதாகப் பழக்கும் அடாப்டேஷன் செய்து பார்த்துவிட்டே மற்றதைப் பேசணும்.

1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவிலும் சூப்பர்ப்பிலும் இருக்கும் ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை. அது தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், இன்ஜின் தருவதே அந்த அளவு. அந்த வண்டியில் மேப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். கும்பகோணம் கடைத்தெருவில், வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில், ரயில்வே கேட்டில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் இந்தக் கிளட்ச் சூடாகி முதல், இரண்டாம் கியரில் உதறும். பிரேக்கைப் பாதி விட்டு ஊர்வதுதான் இதைக் கெடுப்பது. பிரேக்கை முழுசாக மிதித்து நில்லுங்கள், முன்னால் ஒரு வண்டி இடம் விட்டதும் ஒரேயடியாக நகருங்கள். உதறல் மட்டும் என்றால் ஓட்டலாம். கியர் எழுத்து மின்னி, ரிவர்ஸ் விழாமல், அல்லது ஒற்றைப்படை கியரோ இரட்டைப்படை கியரோ மட்டும் வேலை செய்தால் கியரை மாற்றி வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான மெகட்ரானிக் போகப் போகிறது. ஊர் எல்லைக்குள் இருந்தால் வீட்டில் கொண்டு சேருங்கள், நெடுந்தூரம் எடுக்காதீர்கள்.

கருகும் வாடை

இதற்கு யோசிக்கவே நேரம் எடுக்காதீர்கள். உளுந்து, எள், நெல் எல்லாம் நம்ம கிராமத்துச் சாலைகளில்தான் காய்கிறது, கதிரைச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிபட விடுவதும் உண்டு. இந்த வண்டிகள் தாழ்வானவை. டர்போவும் கேட்டலிஸ்டும் இன்ஜினுக்குப் பின்புறம், கீழ்நோக்கி இருக்கும், வேகமாக ஓட்டி வந்தால் அந்த இடம் நெருப்புச் சூட்டில் இருக்கும். அடியில் சிக்கிய வைக்கோல் டிரைவ்ஷாஃப்டில் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும்.

வைக்கோல் கருகும் வாடை வந்ததும் வைக்கோல் இல்லாத வெறும் தாரில் நிறுத்தி, எல்லாரையும் முதலில் இறக்குங்கள், குழந்தைகளைத் தூரமாக அனுப்புங்கள். புகை தெரிந்தால் பானெட்டை அகலத் திறக்காதீர்கள், காற்று பட்டுக் குப்பென்று எழும்பும். லாக்கை மட்டும் விடுவித்து, அந்த இடுக்கு வழியாகத் தீயணைப்பானை அடியுங்கள். முன்சீட்டுக்கு அடியில் ஒரு கிலோ தீயணைப்பான் இல்லாமல் அறுவடைக் காலத்தில் இந்த வண்டியை எடுக்க வேண்டாம், இதை நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். சாலையில் பரப்பியிருப்பதைச் சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போங்கள். இல்லாமல் ஓட்ட வேண்டி வந்தால் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து அடியைப் பார்த்துச் சிக்கியதை உருவி எடுங்கள், சூடான குழாயில் கை படாமல்.

ஸ்டியரிங் ஆட்டம், அடியில் தட்டல்

தஞ்சாவூர் விக்கிரவாண்டி சாலையில் 90-க்கு மேல் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்சிங், அல்லது ரிம் உள்விளிம்பு வளைந்திருக்கிறது, வெளியே பார்த்தால் தெரியாது, சுழற்றிப் பார்க்கணும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க். வேகம் எடுக்கும்போது மட்டும் ஆடினால் டிரைவ்ஷாஃப்டின் உள் மூட்டு. ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்' என்றால் லிங்க் ராட், பிரேக் போட்டு நிற்கும்போது 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ். எல்லாமே ஓட்டிப் போகக்கூடியவை.

தண்ணீரில் இறங்கி இன்ஜின் நின்றுவிட்டது

மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். தானாக நின்ற நேரத்தில் பெரும்பாலும் இன்ஜின் தப்பித்திருக்கும், அதைக் கெடுப்பது இரண்டாவது முறை சாவி திருப்புவதுதான். தள்ளி மேட்டுக்குக் கொண்டு வந்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காகிதம் நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றணும், அது பட்டறை வேலை. ரயில்வே கீழ்ப்பாலத்தில் தண்ணீர் நின்றால், முன்னால் பஸ் போகிறதே என்று பின்னால் போகாதீர்கள், பஸ் கிளப்பும் அலை உங்கள் பம்பருக்கு மேலே வரும்.

ஏற்றி அனுப்பும்போது

கயிறு கட்டி டிராக்டரில் இழுக்க ஆள் உடனே வருவார், உதவும் மனசுதான், ஆனால் டிஎஸ்ஜி வண்டிக்கு வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது. வேறு வழியே இல்லாவிட்டால் நியூட்ரலில், 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் மட்டும். செயின் சந்தேகம் உள்ள லாராவை நியூட்ரலில் தவிர எதிலும் இழுக்கக் கூடாது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது.

ஃபிளாட்பெட் கூப்பிடும்போதே தாழ்வான வண்டி, பலகை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏற்றும்போது முன்பம்பர் உரசிக் கிழியும். இழுக்கும் கொக்கி டிக்கியில் டூல் பெட்டியில் இருக்கும். முன்பம்பரில் உள்ள சின்ன மூடியை எடுத்துவிட்டு இடப்பக்கமாகத் திருகணும், வழக்கமான போல்ட் மாதிரி வலப்பக்கம் திருகினால் ஏறாது, பலவந்தமாகத் திருகி மரையைக் கெடுத்துவிடுவார்கள், அதனால் அந்தக் கொக்கியை நீங்களே மாட்டிக் கொடுங்கள். பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன அறிகுறி, ஆறிய இன்ஜினிலா சூடான இன்ஜினிலா, என்ன வேகத்தில், எந்த விளக்கு எந்த நிறத்தில் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டு, அவர்கள் எந்தக் கோட்-ஐயும் அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.